யாரு சொன்னா?

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை, உயிரோடு இருக்கும் ஒருவருக்கு நான் இரங்கல் செய்தி அனுப்பிவிட்டேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அன்று இரவு அவர் வீட்டில் நடந்தது சிரிக்கும்படியானது அல்ல. நாலு பேருக்கு உதவும் என்பதால் வெட்கத்தை விட்டு இங்கே எழுதுகிறேன்.

மணி ஏழு இருக்கும். வழக்கம்போல டி.வி.யில் ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். செல்போன் சிணுங்கியது. ஓய்வுபெற்ற கார்டு ஒருவர் காலமானார் என்று வாட்ஸ்அப்பில் இரண்டு வரிச் செய்தி. பெயரும் இனிஷியலும் நமக்கெல்லாம் தெரிந்த, இதே நாக்பூரில் இருக்கும் ஒரு பெரியவருடையது. எண்பதைத் தாண்டியவர். 'ஆழ்ந்த இரங்கல்' என்று ஒரு வரி சேர்த்து, எனக்குத் தெரிந்த நான்கு குழுக்களுக்கும் அனுப்பிவிட்டு, சாப்பிடப் போய்விட்டேன். இத்தனைக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

காலமானவர் பிலாஸ்பூரில் இருந்த வேறொருவர். அதே பெயர், அதே வேலை. நம் பெரியவர் அன்று உடம்பு அசதியாக இருக்கிறதென்று போனை அணைத்துவிட்டுச் சீக்கிரம் படுத்துவிட்டார். செய்தி வார்தாவில் இருக்கும் அவருடைய மகளுக்குப் போயிருக்கிறது. அப்பாவின் போன் எடுக்கவில்லை. அந்தப் பெண் ஒரு டாக்ஸியைப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் அழுதுகொண்டு, இரவு பத்தரை மணிக்கு வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். கதவைத் திறந்தவர் அப்பா. அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாளாம்.

மறுநாள் காலையில் இது எனக்குத் தெரிந்தபோது, முதலில் நினைவுக்கு வந்தது என் மனைவியின் குரல்தான்: "யாரு சொன்னா?"

அவள் போனது 2022 டிசம்பரில். அவள் இருந்திருந்தால் அந்தச் செய்தி என் கையை விட்டுப் போயிருக்காது. எந்தச் செய்தியை நான் கொண்டுபோய்ச் சொன்னாலும் அவளுடைய முதல் கேள்வி அதுதான். ஆபீசில் யாருக்கோ மாற்றல் என்பேன். "யாரு சொன்னா?" தங்கம் விலை இறங்கப்போகிறதாம் என்பேன். "யாரு சொன்னா?" சில சமயம் எரிச்சலாகக்கூட இருக்கும். 'நான் என்ன கோர்ட்டிலா நிற்கிறேன்?' என்று கேட்டிருக்கிறேன். "சொன்னவரு பாத்தாரா, கேட்டாரா? அதை மட்டும் சொல்லுங்க" என்பாள்.

1986-ல் கல்யாணமாகி அவள் அம்பாசமுத்திரத்திலிருந்து நேரே வந்து இறங்கியது ஆம்லா ஜங்ஷனில். மத்தியப் பிரதேசத்தில் பேதுல் பக்கம் உள்ள ரயில்வே ஊர். ரயில்வே குவார்ட்டர்ஸ், குளிர்காலத்தில் நடுங்கும் குளிர், சுற்றிலும் இந்தி. எனக்கு சிக்னல் பிரிவில் வேலை. பாதி நாள் லைனில் இருப்பேன். அவளுக்குத் துணை ஒரு வால்வு ரேடியோ. காலை 7.15-க்கு டில்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தியைச் சிற்றலையில் கொரகொரப்புக்கு நடுவே தேடிப் பிடிப்பாள். 'ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி' என்ற குரல் வந்தால் அன்றைக்கு வீட்டில் நம் ஊர் மனிதர் ஒருவர் வந்துபோன மாதிரி. இரவில் லண்டன் பி.பி.சி.யின் தமிழோசை. பத்திரிகைகள் மதராஸிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ நாக்பூர் வந்து, யாராவது நண்பர் மூலம் எங்களுக்கு வந்து சேரும்போது செய்தி ஆறிப்போயிருக்கும். ஆனாலும் ஒரு வரி விடாமல் படிப்போம்.

அவள் இந்தி கற்றதும் ரேடியோவில்தான். சின்னப் பத்திரிகைக்காரர்கள் கேட்டு எழுதிக்கொள்வதற்காக, ஆகாசவாணி அந்நாளில் மிக மெதுவாக இந்திச் செய்தி வாசிக்கும். ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொல்வார்கள். இவள் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதைத் தமிழ் எழுத்தில் எழுதுவாள். புரியாத சொல்லுக்கு அடியில் கோடு. சாயங்காலம் அடுத்த குவார்ட்டர்ஸ் அம்மாளிடம் போய் அர்த்தம் கேட்டுக்கொண்டு வருவாள். ஒரே வருடத்தில் காய்கறிக்காரரோடு பேரம் பேசுமளவுக்குத் தேறிவிட்டாள். 'பிரதான் மந்த்ரி நே கஹா' என்று தொடங்கும் பக்கங்கள் அந்த நோட்டில் ஏராளம். அந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.

அந்தச் செய்தி வாசிப்பில் அவள் பிடித்துக்கொண்ட ஒரு விஷயம், எந்தச் செய்தியிலும் சொன்னவர் யார் என்பது இருக்கும் என்பது. பிரதமர் சொன்னார், அமைச்சர் மக்களவையில் தெரிவித்தார், அதிகாரி ஒருவர் கூறினார் என்றுதான் வரும். "கஹா-ன்னா சொன்னார். சொன்னவர் இல்லாம செய்தி ஏதுங்க?" என்பாள்.

எம்.ஜி.ஆர். விஷயத்தில் இது நன்றாகத் தெரிந்தது. 1984 அக்டோபரில் அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து, வெளிமாநிலத்தில் இருந்த நமக்கு அவர் பலமுறை இறந்திருக்கிறார். ஒவ்வொரு வதந்தியும் ஏதாவது ஒரு ரயிலில் ஏறி வந்துவிடும். 1987 டிசம்பர் 24-ஆம் தேதி காலை, பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து சொன்னபோதும் இவள் அசையவில்லை. "யாரு சொன்னா?" என்றுதான் கேட்டாள். வானொலி சொன்ன பிறகுதான் அழுதாள். அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை.

நான் வேலை பார்த்த துறையும் இதே கேள்வியில்தான் நடக்கிறது என்பது எனக்கே பின்னால்தான் உறைத்தது. ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை அனுப்ப வேண்டுமானால், முதலில் அங்கே லைன் கிளியர் கேட்க வேண்டும். முன்னால் போன வண்டி முழுசாக வந்து சேர்ந்துவிட்டதா என்று அந்த ஸ்டேஷன் மாஸ்டர் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். எஞ்சின் வந்தால் போதாது. கடைசிப் பெட்டியின் பின்னால் 'எல்.வி.' என்று ஒரு பலகை இருக்கும். இரவானால் சிவப்பு விளக்கு. அதைப் பார்த்தால்தான் வண்டி வழியில் அறுந்து நிற்காமல் முழுசாக வந்தது என்று அர்த்தம். பல இடங்களில் இதற்கு மேல் பிரைவேட் நம்பர் என்று ஓர் எண்ணையும் பரிமாறிக்கொண்டு, இரண்டு பக்கமும் எழுதிவைப்பார்கள். நாளை விசாரணை வந்தால், யார் யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னார் என்பது அதில் இருக்கும். இத்தனை வருடம் இதோடு வாழ்ந்த நான், ஒரு மனிதரின் மரணத்துக்கு எல்.வி. பலகையைப் பார்க்காமல் லைன் கிளியர் கொடுத்துவிட்டேன்.

பழைய காலம் பொன் காலம், ரேடியோ சொன்னதெல்லாம் சத்தியம் என்று சொல்ல வரவில்லை. 1979 மார்ச் 22 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டிப்ளமா முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த சமயம். ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமானார் என்று பட்டப்பகலில் வானொலி அறிவித்தது. பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்திலேயே அறிவித்து, அவை இரங்கல் தெரிவித்து ஒத்திவைக்கப்பட்டது. ஜே.பி.யோ பம்பாயில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் உயிரோடு இருந்தார். அதன்பின் ஆறு மாதத்துக்கு மேல் வாழ்ந்து, அக்டோபர் 8-ஆம் தேதிதான் மறைந்தார். பிரதமருக்கும் பக்கத்தில் ஒருவர் நின்று "யாரு சொன்னா?" என்று கேட்டிருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 1984 அக்டோபர் 31 அன்று நான் ஒரு சின்ன ஸ்டேஷனில் இருந்தேன். இந்திரா காந்தி சுடப்பட்டது காலையில். பி.பி.சி. மதியமே மரணத்தைச் சொல்லிவிட்டது. ஆகாசவாணி அறிவித்தது மாலை ஆறு மணிக்கு. இடைப்பட்ட நேரம் முழுவதும் பிளாட்பாரத்தில் ஆளுக்கொரு கதை. எந்தக் கதையை நம்புவது என்று தெரியாமல் ஸ்டேஷன் மாஸ்டர் டிரான்சிஸ்டரைத் திருகிக்கொண்டே இருந்தார். அதற்கு முன், 1975 முதல் 1977 வரை நெருக்கடிநிலைக் காலத்தில், அரசாங்கம் சொல்ல விரும்பியதை மட்டுமே வானொலி சொன்னதையும் கேட்டிருக்கிறோம். தெரிந்த உண்மையை மூடிவைத்தால் வதந்தி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நிச்சயப்படுத்திக்கொள்ளக் காத்திருப்பது வேறு, மறைப்பது வேறு.

இப்போது யாரும் காத்திருப்பதும் இல்லை. 2024 தேர்தலில் ஜூன் 1-ஆம் தேதி மாலை எல்லா சேனல்களிலும் கருத்துக்கணிப்பு. ஆளும் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்று பலரும் சொன்னார்கள். நானும் அதை என் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரி கீழ்வீட்டு மராட்டிக்காரரிடம் அளந்துவிட்டேன். ஜூன் 4 அன்று எண்ணி முடித்தபோது கூட்டணிக்கு 293, பா.ஜ.க.வுக்குத் தனியாக 240. சரி, தவறு என்பது இருக்கட்டும். மூன்று நாள் காத்திருக்க எனக்கென்ன கேடு? அவள் இருந்தவரை எனக்கு இந்த அவசரம் வந்ததில்லை. அரசியல் பேசுவோம், சண்டைகூடப் போடுவோம். ஆனால் யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்டால் மட்டும், "ரகசிய வாக்கெடுப்புங்க" என்று சிரித்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். கடைசிவரை சொல்லவே இல்லை.

யோசித்துப் பார்த்தால் என் அவசரத்துக்குக் காரணம் இதுதான் என்று தோன்றுகிறது. தனியாக இருக்கும் வீட்டில் செய்தி கேட்பதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. முன்பெல்லாம் பேப்பரில் எதையாவது படித்தால் "இதைக் கேட்டியா?" என்று அடுக்களைப் பக்கம் திரும்புவேன். அங்கிருந்து அந்தக் கேள்வி வரும். பாதிச் செய்தி அங்கேயே விழுந்துவிடும். இப்போது திரும்ப வேண்டிய இடத்தில் போனைத் திறக்கிறேன். அது எதையும் கேட்பதில்லை. அழுத்தினால் போய்விடுகிறது. சரோஜ் நாராயணஸ்வாமி அம்மையார் 2022 ஆகஸ்டில் மும்பையில் காலமான செய்தி வந்தபோதுகூட, மும்பையிலுள்ள தன் சித்தி மகளுக்குப் போன் செய்து கேட்ட பிறகுதான் இவள் நம்பினாள். அன்று வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த நான்கு மாதத்தில் இவளும் போய்விட்டாள்.

மறுநாள் பெரியவர் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். மகள் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அவள் கோபம் நியாயம். பெரியவர் நாற்காலியைக் காட்டினார். அண்ணி காபி கொண்டுவந்து வைத்தார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி, நான் முப்பத்தஞ்சு வருஷம் கார்டா ஓட்டினவன். எல்.வி. போர்டு மாட்டாம ஒரு நாள் வண்டிய கிளப்பினதில்ல. என் வண்டி இன்னும் செக்‌ஷன்லதான் ஓடிக்கிட்டிருக்கு. நீங்க எப்படி வந்து சேந்துட்டதுன்னு எழுதினீங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிளம்பும்போது மகள் வெளியே வந்து, "அங்கிள், இனிமே அப்பா பத்தி ஏதாவது வந்தா முதல்ல எனக்குப் போன் பண்ணுங்க" என்று தன் நம்பரைக் கொடுத்தாள். அதை எழுதி வாங்கி வந்தேன்.

இதிலிருந்து நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. நம்மில் பலர் வயதானவர்கள். பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். நம்மைப் பற்றிய செய்தி நமக்கு முன்னால் அவர்களை எட்டிவிடுகிறது. எனவே, சங்கத்தின் குழுவில் இறப்புச் செய்தி போடுபவர், அந்த வீட்டில் ஒருவரோடு நேரில் பேசிய பிறகே போட வேண்டும். யாரிடம், எத்தனை மணிக்குப் பேசினார் என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். ரயில்வேயின் பிரைவேட் நம்பர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் தாமதமானால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய ஒருவருடைய நம்பரைச் செயலாளர் வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஒவ்வொரு வருடமும் ஜனவரி 30 அன்று காலை 11 மணிக்கு, காந்தியடிகள் நினைவாக நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம். வேலையில் இருந்தபோது கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நிற்போம். வீட்டில் அவளும் மிக்ஸியை நிறுத்திவிட்டு நிற்பாளாம், பின்னால்தான் சொன்னாள். நான் ஓய்வுபெற்ற பிறகு, அவள் இருந்தவரை, இருவரும் சேர்ந்து ஹாலில் நின்றோம். இப்போது தனியாக நிற்கிறேன். அந்த இரண்டு நிமிடத்தில் காந்தியோடு அவளும் நினைவுக்கு வருவதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

டி.வி.யை இப்போது பகலில் போடுவதில்லை. காலையில் ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தியைச் செல்போனிலேயே கேட்கிறேன்; கொரகொரப்பு இல்லாமல் தெளிவாக வருகிறது. வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்தால், அனுப்பும் முன் அந்த இரண்டு சொற்களை வாய்விட்டே கேட்டுக்கொள்கிறேன். கீழ்வீட்டுக்காரர் காதில் விழுந்திருக்கும்போல. ஒரு நாள், "கோன் ஹை ஊபர், பாயி சாஹப்? கிஸ்ஸே பாத் கர்தே ஹோ?" என்று கேட்டார், மேலே யாரோடு பேசுகிறீர்கள் என்று. வீட்டுக்காரியோடுதான் என்று சொன்னேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.