நாக்குக்குச் சரி... நுரையீரலுக்கு? வீட்டில் கலக்கும் வேப்பிங் திரவத்தில் ஒளிந்திருக்கும் ஆபத்து

காலை ஷிப்ட் முடியும் நேரத்தில் ஓசூர் மூக்கண்டப்பள்ளி சிப்காட் சாலையில் நின்றால், யூனிபார்ம் சட்டையும் தோளில் பையுமாக ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என ஒரே டீக்கடை பெஞ்சில் நான்கு மொழிகள் கேட்கும். எந்த மொழி பேசினாலும், ரசாயனத்தோடு வேலை செய்யும் தொழிலாளிக்கு ஒரு பாடம் அத்துப்படி. டிரம்மைத் தொடும் முன் லேபிளைப் படி, கையுறை போடு, கண்ணாடி மாட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத கேனைத் திறக்காதே.

இந்தப் பாடம் கம்பெனி கேட்டோடு நின்றுவிடக் கூடாது. காரணம், மொபைலில் சுற்றும் சில வீடியோக்கள். இ-சிகரெட்டில் ஊற்றிப் புகைக்கும் திரவத்தை, அதாவது வேப்பிங் திரவத்தை, வீட்டிலேயே கலப்பது எப்படி என்று அவை சொல்லித்தருகின்றன. ஒரு சின்னத் தராசு, சிரிஞ்சு, நாலு பாட்டில் போதும் என்கிறார்கள். பார்ப்பதற்குச் சமையல் வீடியோ போலத்தான் இருக்கும். சமையலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் கலக்க ஆரம்பித்தால், விலை கொடுப்பது நுரையீரல். சில நேரம், வீட்டில் இருக்கும் குழந்தை.

எல்லையின் இரு பக்கமும் தடை

சிகரெட்டுக்கு மாற்றாக இ-சிகரெட்டை 2003-ல் உருவாக்கியவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளர். அவரே சிகரெட் பிடிப்பவர். அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். சில ஆண்டுகளில் அந்தக் கருவி உலகம் முழுக்கப் பரவி இந்தியாவுக்கும் வந்தது.

மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி வந்துவிடும். கர்நாடக அரசு 2016-லேயே இ-சிகரெட்டைத் தடை செய்தது. தமிழக அரசு 2018-ல் தடை விதித்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள், சில கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே பொருளுக்கு இரண்டு சட்டம். 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது முழுச் சட்டமாகி, நாடு முழுக்கத் தடை வந்தது.

அந்தச் சட்டத்தில் பலரும் கவனிக்காத இரண்டு விஷயங்கள் உண்டு. தயாரிப்பு என்ற சொல்லுக்கு, இ-சிகரெட்டையோ அதன் எந்தப் பகுதியையோ செய்வது, பொருத்துவது என்று சட்டம் பொருள் சொல்கிறது. நிகோட்டின் இல்லாத கருவிக்கும் விலக்கு இல்லை. தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி, விளம்பரம் எதுவானாலும் முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இரண்டாவது விஷயம் வீட்டு உரிமையாளர்களுக்கானது. தனக்குச் சொந்தமான இடத்தில் இ-சிகரெட் சரக்கு வைத்திருக்கத் தெரிந்தே அனுமதித்தால், 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வரிசை வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் மூக்கண்டப்பள்ளிக்காரர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

வேப்பிங் திரவத்தில் பொதுவாக நான்கு பொருட்கள் இருக்கும். புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின், நிகோட்டின், வாசனைப் பொருள். கருவியில் உள்ள கம்பிச்சுருள் சூடாகி இந்தக் கலவையை ஆவியாக்குகிறது. அதைத்தான் உள்ளே இழுக்கிறார்கள்.

இதில் நிகோட்டினைத் தவிர மற்ற மூன்றும் வீட்டுக்குப் புதிதல்ல. இருமல் மருந்தில் புரோப்பிலீன் கிளைகால் இருக்கிறது. சோப்பிலும் குளிர்காலத்தில் உதட்டுக்குத் தடவுவதிலும் கிளிசரின் இருக்கிறது. கேக்கிலும் ஐஸ்கிரீமிலும் எசென்ஸ் ஊற்றுகிறோம். 'சாப்பிடுகிற பொருள்தானே, என்ன ஆகிவிடும்?' என்ற தைரியம் இங்கிருந்துதான் வருகிறது.

வயிற்றுக்குள் போவதை ஜீரணிக்கவும், வேண்டாததை வெளியே தள்ளவும் உடலுக்கு வழி இருக்கிறது. கல்லீரல் காவல் நிற்கிறது. நுரையீரலில் அப்படி ஒரு காவல் கிடையாது. காற்றுப்பைகளின் சுவர் வெங்காயத் தோலைவிட மெல்லியது. அங்கே படுகிற எதுவும் திசுவைச் சுடலாம், அல்லது நேராக ரத்தத்தில் கலக்கலாம். உணவுக்கு ஏற்றது என்று ஓர் எசென்ஸுக்குச் சான்று கொடுத்தால், அது சாப்பிடுவதற்கான சான்று மட்டுமே. சுவாசிப்பதற்கு யாரும் சான்று கொடுக்கவில்லை.

பாப்கார்ன் கம்பெனி சொன்ன பாடம்

இதற்கு நல்ல உதாரணம் ஒரு தொழிற்சாலையிலிருந்தே கிடைத்தது. அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் ஜாஸ்பர் என்ற ஊரில் மைக்ரோவேவ் பாப்கார்ன் தயாரிக்கும் ஆலை இருந்தது. அங்கே வேலை பார்த்த எட்டுப் பேருக்கு மூச்சுக்குழலின் நுனிக் கிளைகள் தழும்பேறிச் சுருங்கிப்போகும் அரிய நோய் வந்திருந்தது 2000-ம் ஆண்டில் தெரியவந்தது. தழும்பேறிய இடம் பழைய நிலைக்குத் திரும்பாது.

ஆராய்ந்தபோது சந்தேகம் போய் நின்றது, பாப்கார்னுக்கு வெண்ணெய் மணம் தரும் வாசனைக் கலவையில். டைஅசிடைல் என்ற பொருள் அதில் இருந்தது. அதைச் சாப்பிட்ட கோடிக்கணக்கானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சூடான கலவைத் தொட்டியின் பக்கத்தில் நின்று ஆவியைச் சுவாசித்தவர்களுக்குத்தான் பாதிப்பு. இதே டைஅசிடைல் பிற்பாடு இனிப்பு, வெண்ணெய் மணமுள்ள பல வேப்பிங் திரவங்களிலும் இருப்பது ஆய்வுகளில் கண்டுபிடிக்கப்பட்டது.

எண்ணெய் சேர்ந்த எசென்ஸ் இன்னொரு வம்பு. எண்ணெய்த் துளி நுரையீரலுக்குள் போனால் ஒருவகை நிமோனியாவே வரலாம். சமையலறையிலேயே இதற்கு ஒரு அடையாளம் இருக்கிறது. வாணலியில் எண்ணெய் தீய்ந்தால் கண்ணும் தொண்டையும் எரிகிறதே, அந்தப் புகையில் அக்ரோலின் என்ற ரசாயனம் இருக்கிறது. கிளிசரின் அளவுக்கு மீறிச் சூடானாலும் அதே அக்ரோலின்தான் உண்டாகும்.

2019-ல் அமெரிக்காவில் நடந்தது இதைவிடப் பெரியது. வேப்பிங் செய்த இளைஞர்கள் மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிகளில் வந்து விழுந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டதாகவும், அவர்களில் 68 பேர் இறந்ததாகவும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கு சொன்னது. பெரும்பாலானோர் பயன்படுத்தியது, முறையான கடையில் வாங்காத, கஞ்சா சத்து கலந்த திரவம். அதைக் கெட்டியாகக் காட்டுவதற்காக வைட்டமின் ஈ அசிடேட் சேர்த்திருந்தார்கள். பரிசோதித்த 51 நோயாளிகளில் 48 பேரின் நுரையீரல் திரவத்தில் அது இருந்தது. மாத்திரையாக விழுங்கலாம், முகத்தில் க்ரீமாகப் பூசலாம். ஆவியாக்கி இழுத்தபோது உயிரை எடுத்துவிட்டது.

லேபிளை நம்பலாமா?

வீட்டில் கலப்பவர்கள் சொல்லும் சமாதானம், 'சுத்தமான சரக்கு வாங்கித்தான் கலக்கிறோம்' என்பது. அதற்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது.

2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. அவர்களுக்குக் கொடுத்த இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்ததில், அதில் 48.6 சதவிகிதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு இருந்தது. அனுமதிக்கப்படும் அளவு 0.1 சதவிகிதம். மருந்தில் சேர்க்கவேண்டிய புரோப்பிலீன் கிளைகாலின் தரத்தைச் சரிவரச் சோதிக்காததில் வந்த வினை அது. 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர் இறந்ததும் இதே நச்சால்தான். அப்போது அது வந்தது கிளிசரின் வழியாக.

வேப்பிங் திரவத்தின் அடித்தளமே இந்த இரண்டு பொருட்கள்தான். அந்த மரணங்கள் மருந்தை விழுங்கியதால் வந்தவை, ஆவியால் அல்ல. ஆனால், கலப்படம் எவ்வளவு எளிதாக உள்ளே நுழையும் என்பதை அவை காட்டுகின்றன. நல்ல கிளைகாலும் நச்சுக் கிளைகாலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நிறம் கிடையாது, லேசான இனிப்பு. 2009-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இ-சிகரெட் குப்பிகளைச் சோதித்தபோது, ஒரு குப்பியில் இதே நச்சு சுமார் 1 சதவிகிதம் இருந்தது. லைசென்ஸ் வாங்கிய மருந்துக் கம்பெனியே கோட்டைவிடும் இடத்தில், படுக்கையறை மேஜையில் தராசு வைத்திருப்பவர் எதைக் கண்டுபிடிக்க முடியும்?

ஒரு டீஸ்பூன் கணக்கு

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது நிகோட்டின் பாட்டிலுக்கு. முன்பு பூச்சிக்கொல்லியாகப் பயன்பட்ட பொருள் அது. தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். பனியில் நனைந்த புகையிலை இலையை அறுப்பவர்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது இதனால்தான். பச்சைப் புகையிலை நோய் என்றே அதற்குப் பெயர்.

சிகரெட்டை விடுவதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் சூயிங்கம்மில் 2 மில்லிகிராம் நிகோட்டின் இருக்கும். கலப்பதற்கென்று வெளிநாடுகளில் விற்கும் அடர் திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்கே 100 மில்லிகிராம் வரை இருப்பதுண்டு. ஒரு மில்லிலிட்டர், 50 சூயிங்கம்முக்குச் சமம். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லிலிட்டர், 500 மில்லிகிராம். வளர்ந்த ஆளையே கொல்லக்கூடிய அளவு இந்த இடத்தில் தொடங்குவதாக, ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் பெர்ன்ட் மேயர் 2013-ல் கணக்கிட்டார். பழைய பாடப்புத்தகங்கள் சொன்ன அளவு இதைவிடவும் குறைவு, 60 மில்லிகிராம். குழந்தைக்கு எவ்வளவு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கணக்கில் புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால், கலவையில் பத்து மடங்கு ஏறிவிடும்.

2014 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் ஃபோர்ட் பிளெய்னில், திரவ நிகோட்டின் வயிற்றுக்குள் போனதால் ஒரு வயதுக் குழந்தை இறந்தது. அதன்பிறகுதான், குழந்தைகள் திறக்க முடியாத மூடி கட்டாயம் என்று 2016-ல் அமெரிக்கா சட்டம் போட்டது. ஒரே அறையில் சமையலும் படுக்கையும் நடக்கும் வாடகை வீட்டில், பழ வாசனையோடு லேபிள் இல்லாமல் இருக்கும் சின்ன பாட்டிலைக் குழந்தை என்னவென்று நினைக்கும்?

'வெளிநாட்டில் டாக்டர்களே சொல்கிறார்களே?'

இந்தக் கேள்வியும் நியாயமானதுதான். பிரிட்டனில் சிகரெட்டை விட முடியாதவர்கள் வேப்பிங்குக்கு மாறலாம் என்று அரசு சுகாதாரத் துறையே சொல்கிறது. சிகரெட்டைவிட அது கெடுதல் குறைந்தது என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அங்கே விற்கும் நிகோட்டின் திரவத்துக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோட்டின் கூடாது, பாட்டில் 10 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது, உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறது என்று அரசிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். யாரோ கலந்த பாட்டிலை இழுக்கச் சொல்லி அங்கேயும் எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை.

வீட்டில் தெரிந்தால் என்ன செய்வது?

பிள்ளையின் பையில் பென்டிரைவ் போன்ற கருவியோ, சொட்டு மூடியுள்ள சின்ன பாட்டிலோ கிடைத்தால், உடனே கத்த வேண்டாம். எங்கிருந்து வந்தது, எத்தனை நாளாக, உள்ளே என்ன என்று முதலில் கேளுங்கள். பயந்த பிள்ளை பாட்டிலை ஒளிக்கும். ஒளித்த பாட்டில்தான் தம்பி, தங்கை கையில் சிக்கும்.

திரவம் தோலில் பட்டால் நனைந்த துணியைக் கழற்றிவிட்டு நிறைய தண்ணீரில் கழுவ வேண்டும். குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, அந்தப் பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். வாந்தி, அதிக வியர்வை, எச்சில் ஒழுகுதல், நடுக்கம் இவை ஆரம்ப அறிகுறிகள். வேப்பிங் செய்பவருக்குத் தொடர் இருமல், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி இருந்தால், டாக்டரிடம் வேப்பிங் விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரணச் சளி என்றே சிகிச்சை நடக்கும்.

சிகரெட்டை விடுவதற்காகத்தான் வேப்பிங் பக்கம் போனேன் என்பவர்களுக்கு, இலவச வழி இருக்கிறது. 1800-112-356 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்தால், புகையிலையை விட ஆலோசனை சொல்வார்கள். தென்மாநில மொழிகளுக்கான அதன் மையம் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் செயல்படுகிறது. அந்த மருத்துவமனை இருக்கும் சாலைக்குப் பெயரே ஓசூர் ரோடு. மூக்கண்டப்பள்ளியில் பஸ் ஏறினால் அந்தச் சாலையில்தான் போக வேண்டும். போன் செய்வதற்கு அந்தப் பயணமும் வேண்டாம். வெளியில் சொல்லத் தயங்குபவர்கள், ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு நடக்கும் பத்து நிமிடத்தில் பேசிவிடலாம்.