அந்தி நேரத்தில் எரிமலை ஏறுதல்

நாச்சியாபுரத்துப் பெரிய வீடுகளிலே பர்மாத் தேக்கில் கடைந்த தூண்களைப் பார்த்திருப்பீர்கள். காலடியில் குளிரும் இத்தாலியச் சலவைக்கல்லையும் மிதித்திருப்பீர்கள். மரம் வந்த திசையில் ஓர் எரிமலையும், கல் வந்த திசையில் வேறோர் எரிமலையும் இன்றும் கனன்றுகொண்டிருக்கின்றன என்பதைப் பலர் எண்ணியிருக்கமாட்டீர்கள்.

முதலாவது நம் நாட்டினுடையது. 2024 வரை போர்ட் பிளேயர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்துக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு அது. நூறாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்து 1991இல் மீண்டும் சீறியது. அங்கே மனிதர் எவரும் வாழவில்லை. காண விரும்புவோர் கப்பலில் இருந்தபடியே காண வேண்டும்.

இத்தாலியின் கதை வேறு. சிசிலிக்கு வடக்கே கடலிலிருந்து 924 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஸ்ட்ரோம்போலியின் அடிவாரத்தில் ஊர்களே இருக்கின்றன. வெளியூரார் வழிகாட்டிகளுடன் அந்தியில் அதன்மீது ஏறுகின்றனர். ஏன் அந்தியில்? பகலில் பார்த்தால் சாம்பற் புகைதான் தெரியும். ஆயிரம் பாகை அளவுக்குக் கொதிக்கும் கற்குழம்பு வீசும் செவ்வொளியைக் கதிரவனின் ஒளி விழுங்கிவிடுகிறது. இருள் கவிந்ததும் அதே வெடிப்பு, தீப்பொறி மாரியாகத் தோன்றும். அதனால் கதிரவன் மறைய இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும்போதே புறப்பட்டு, இருளில் கைவிளக்குடன் இறங்குகிறார்கள்.

அடுப்பிலே கூழ் கொதிக்கும்போது, அடியிலிருந்து பெருங்குமிழி ஒன்று எழுந்து மேலே வந்து உடைந்து, கையில் சுளீரெனத் தெறிப்பது உண்டல்லவா? ஸ்ட்ரோம்போலியிலும் நிகழ்வது அதுவே. குழம்பினுள் திரண்ட ஆவிக்குமிழிகள் குழாய் வழியே ஏறி, வாயருகே வெடிக்கின்றன. ஒரு மணி நேரத்தில் இப்படிப் பலமுறை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இது ஓயவில்லை. இந்த ஒழுங்கே மனிதரை ஏமாற்றுகிறது. பழகிய மலை என்று நம்பத் தோன்றுகிறது.

2019 ஜூலை 3ஆம் நாள் மாலை, அந்தப் பழக்கத்தை மீறிப் பெருவெடிப்பு நிகழ்ந்தது. மலையேறிய ஒருவர் இறந்தார். நிலம் வீங்கியதைக் கருவிகள் காட்டியது வெடிப்புக்குச் சில நிமிடங்களே முன்பு. சரிவிலிருந்து இறங்கி ஓட அது போதுமா? ஆகஸ்டு 28இல் மறுபடியும் வெடித்தது. அதே ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் நியூசிலாந்தின் வெள்ளைத் தீவில் 47 பேர் இருந்தபோது எரிமலை வெடித்ததில் 22 பேர் மாண்டனர். அவர்களுள் வழிகாட்டிகளும் உண்டு. மலையை நன்கறிந்தவர்கள்தாம், ஆயினும் பூமிக்கடியில் நடப்பதை அவர்களும் கண்ணால் காண்பதில்லை.

ஆகவே வழிகாட்டி என்பவர் பாதை காட்டுபவர் மட்டுமல்லர். காற்றின் திசையைப் பார்த்து நச்சுப்புகை எப்பக்கம் வருமென்று கணிப்பவர். தலைக்கவசம் அணியாதவரை விடாதவர். கருவிநிலையத்தின் எச்சரிக்கை வந்தால், பணம் கொடுத்து வந்த கூட்டத்தைப் பாதி வழியில் திருப்புபவர். என் கருத்தில் இந்தக் கடைசி வேலையே கடினமானது.

2019க்குப் பின் ஸ்ட்ரோம்போலியின் உச்சிக்கு ஏறுவதைத் தடுத்து, வழிகாட்டியுடன் 400 மீட்டர் உயரம் வரை என வரம்பிட்டனர். மலையின் போக்கிற்கேற்ப அவ்வரம்பைக் குறைப்பதும் உண்டு. அங்கே நின்று பார்த்தாலும், வடமேற்கே நெருப்புச் சரிவு எனப்படும் பெரும்பள்ளத்தில் செங்கற்கள் உருண்டு கடலில் விழுவது தெரியும். வெடியோசை சற்றுப் பின்னரே செவிக்கு எட்டும்.