ஒய்2கே

ஒய்2கே என்பது கி.பி. 2000 ஆம் ஆண்டைக் குறிக்கும் சுருக்கப் பெயராகும். அவ்வாண்டு பிறக்கும்போது கணினிகளில் ஏற்படும் என அஞ்சப்பட்ட தேதிக் கோளாற்றின் பெயராக 1990களின் பிற்பகுதியில் இது உலகெங்கும் பரவியது.

சொற்பொருள்

"ஒய்" என்பது ஆண்டு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. "கே" என்பது ஆயிரத்தைக் குறிக்கும் "கிலோ" என்னும் முன்னொட்டின் சுருக்கம். எனவே 2கே என்றால் இரண்டாயிரம். கணினித் துறையில் கே 1024ஐயும் குறிப்பதுண்டு. இங்கு அது 1000 மட்டுமே.

தோற்றம்

அமெரிக்க நிரலாளர் டேவிட் எடி 1995 சூன் 12 அன்று எழுதிய மின்னஞ்சலில் இச்சுருக்கத்தைப் பயன்படுத்தினார். "நூற்றாண்டுத் தேதி மாற்றம்" எனப் பொருள்படும் பெயரும் அக்காலத்தில் வழங்கியது. எனினும் ஒய்2கே என்பதே நிலைத்தது.

சிக்கலின் காரணம்

தொடக்கக் காலத்தில் தரவுகளைப் பதிந்த துளை அட்டைகளில் 80 நிரல்களே இருந்தன. கணினி நினைவகத்தின் விலையும் அதிகம். இடத்தை மிச்சப்படுத்த, 1965 என்ற ஆண்டை 65 என்றே எழுதினர். இம்முறையில் 2000 ஆம் ஆண்டு 00 ஆகிவிடும். 1965இல் பிறந்தவரின் வயதை அவ்வாண்டில் கணக்கிட்டால், 00இலிருந்து 65ஐக் கழித்து -65 என்ற விடை வரும். வங்கி வட்டி, ஓய்வூதியம் போன்ற கணக்குகளும் இவ்வாறு பிழைபட வாய்ப்பிருந்தது.

விளைவு

2000 சனவரி 1 அன்று சிறு கோளாறுகளே ஏற்பட்டன. இதனால் ஒய்2கே வெறும் பீதி என்று கருதுவோர் உண்டு. ஆனால் பல நாடுகளில் நிரல்கள் முன்கூட்டியே திருத்தப்பட்டிருந்தன. இத்திருத்தப் பணிகளால் இந்திய மென்பொருள் நிறுவனங்களுக்கு வெளிநாட்டு வாய்ப்புகள் பெருகின.

2000 ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் பிறந்தோரைத் தமிழ்நாட்டில் "2கே கிட்ஸ்" என்பர். அவ்வழக்கிலும் கே என்பது ஆயிரத்தையே குறிக்கிறது.