வீட்டில் இருந்தே தொழில்: கணக்கு நம் கையில்

உத்தரப் பிரதேசத்தில் பிரோசாபாத் என்று ஒரு நகரம் இருக்கிறது. கண்ணாடி வளையலுக்குப் பேர் போன ஊர். வளையலை உருக்கி இழுப்பது ஆலையில். ஆனால் அதன் இரண்டு முனைகளையும் ஒட்டுவது வீட்டில். சிறு விளக்கின் சுடரில் காட்டி, ஒவ்வொரு வளையலாக ஒட்டுகிறார்கள். பெரும்பாலும் பெண்கள்தான் இந்த வேலையைச் செய்கிறார்கள்.

லக்னோ நகரில் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து சிக்கன் என்னும் பூவேலை செய்கிறார்கள். மேற்கு வங்கத்தில் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். கர்நாடகத்தில் ஊதுபத்தி உருட்டுகிறார்கள். அகமதாபாத்தில் ஜனவரி மாதம் பட்டத் திருவிழா வரும். அதற்கு மாதக் கணக்கில் முன்பிருந்தே வீடுகளில் பட்டம் ஒட்டுவார்கள். மும்பையில் அப்பளம் இடுகிறார்கள்.

இவர்கள் யாரும் ஆலைக்குப் போவதில்லை. சங்கு ஊதுவதில்லை. வாசலில் வருகைப் பதிவு இல்லை. "வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்று ஊர் சொல்லும். ஆனால் இவர்கள் விரல் நின்றால் கடைக்குச் சரக்கு வராது.

இந்த வேலையில் வருமானம் உண்டா? உண்டு. ஏமாற்றமும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கணக்கு வேண்டும். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இரண்டு வகை வேலை

வீட்டில் இருந்து செய்யும் தொழில் இரண்டு வகை.

ஒன்று, கூலிக்குச் செய்வது. ஏஜெண்ட் பொருளைக் கொடுப்பார். நாம் வேலையை முடித்துத் திருப்பிக் கொடுப்போம். எண்ணிக்கைக்குத் தகுந்த கூலி கிடைக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு, ஆயிரம் ஊதுபத்திக்கு இவ்வளவு, ஒரு பாவாடைக்கு இவ்வளவு என்று பேசுவார்கள்.

மற்றொன்று, சொந்தத்தில் செய்வது. நாமே பொருள் வாங்குவோம். நாமே செய்வோம். நாமே விற்போம். ஊறுகாய் போடுவது, முறுக்குச் சுடுவது, அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைப்பது எல்லாம் இந்த வகை.

கூலி வேலையில் முதல் போட வேண்டியது குறைவு. விற்கும் கவலையும் இல்லை. ஆனால் விலையை வைப்பவர் ஏஜெண்ட். சொந்தத் தொழிலில் விலையை வைப்பது நாம். ஆனால் சரக்கு தேங்கினால் நட்டமும் நமக்குத்தான். எதில் இறங்கினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். "செலவு போக என் கையில் என்ன நிற்கிறது?"

ஒரு கணக்குப் போடுவோம்

ஒரு பெண் வீட்டில் பாவாடை தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாவாடைக்குக் கூலி 8 ரூபாய். ஒரு நாளில் 30 பாவாடை தைக்கிறார். இது கணக்குக்காகச் சொல்வது. உங்கள் ஊரில் கூலி வேறாக இருக்கும்.

30 பாவாடைக்கு 240 ரூபாய். நல்ல கூலிதான் என்று தோன்றும். இப்போது செலவைப் பார்ப்போம்.

நூல்: 20 ரூபாய்
ஊசி, எண்ணெய்: 4 ரூபாய்
மின்சாரம்: 6 ரூபாய்
துணி வாங்கவும் கொடுக்கவும் போய்வர பஸ்: 20 ரூபாய்
தையல் சரியில்லை என்று தள்ளிய 2 பாவாடை: 16 ரூபாய்

மொத்தம் 66 ரூபாய். 240-ல் 66 போனால் மீதி 174 ரூபாய்.

அடுத்து நேரம். அவர் 9 மணி நேரம் தைத்தார். பள்ளி விட்டு வந்த மகள் 2 மணி நேரம் நூல் வெட்டினாள், மடித்து அடுக்கினாள். ஆக 11 மணி நேரம். 174-ஐ 11-ஆல் வகுத்தால் மணிக்கு 16 ரூபாய்கூட வரவில்லை.

மகளின் நேரத்தை ஏன் சேர்க்க வேண்டும்? ஏனென்றால் அவள் கைக்கும் சேர்த்துத்தான் அந்த 240 ரூபாய். அவள் படிக்கும் நேரம் அந்தப் பாவாடைக்குள் போய்விட்டது. கணக்கில் எழுதாத வரை அது நம் கண்ணில் படாது.

இந்தக் கணக்கு எதற்குப் பயன்படும்? வேலையை விட்டுவிடுவதற்கு என்று நினைக்க வேண்டாம். கூலியைப் பேசுவதற்கு இது உதவும். "கூலி கட்டுப்படியாகவில்லை அண்ணே" என்று சொன்னால் ஏஜெண்ட் சிரித்துவிட்டுப் போவார். "நூல் 20 ரூபாய், பஸ் 20 ரூபாய், இரண்டும் என் கையை விட்டுப் போகிறது. நூலை நீங்கள் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பாவாடைக்கு ஒரு ரூபாய் கூட்டுங்கள்" என்று சொன்னால் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

எங்கே நழுவுகிறது?

பீடி வேலையைப் பாருங்கள். ஏஜெண்ட் இலையையும் தூளையும் எடை போட்டுக் கொடுக்கிறார். "இதில் ஆயிரம் பீடி வரும்" என்கிறார். இலையில் பாதி ஓட்டை, கிழிசல். ஆயிரம் வராது. குறைந்த இலையை நாம் சொந்தக் காசில் வாங்குகிறோம். கொண்டுபோய்க் கொடுத்தால், கொஞ்சம் பீடியைத் தள்ளுபடி என்று ஒதுக்குகிறார். அதற்குக் கூலி கிடையாது. ஆனால் ஒதுக்கிய பீடியையும் திருப்பித் தர மாட்டார்.

இப்படி மூன்று இடத்தில் காசு நழுவும். பொருள் கொடுக்கும்போது எடையில் நழுவும். சரக்கை வாங்கும்போது தள்ளுபடியில் நழுவும். கூலி கொடுக்கும்போது பாக்கியில் நழுவும். வாய்ப்பேச்சில் நடக்கும் வேலையில் இதைக் கேட்க முடியாது. எழுத்தில் இருந்தால் கேட்கலாம்.

ஒரு நோட்டுப் போதும்

ஒரு சிறிய நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் இவற்றை எழுதுங்கள்.

தேதி
வாங்கிய பொருள், அதன் எடை
முடித்துக் கொடுத்த எண்ணிக்கை
தள்ளியது எத்தனை
பேசிய கூலி
கைக்கு வந்த பணம்
பாக்கி
என் செலவு
வேலை செய்த நேரம்

முடிந்தால் ஏஜெண்டிடம் அந்த வரியின் கீழே கையெழுத்து வாங்குங்கள். அவர் தயங்கினால், அவர் எதிரிலேயே எழுதி, உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் நோட்டில் உங்கள் கையெழுத்தைக் கேட்டால், படித்துப் பார்த்த பிறகே போடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஏழு பெண்கள், 80 ரூபாய்

இனி, சொந்தத்தில் தொழில் செய்தவர்களின் கதை.

1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள். பம்பாயில் கிர்காம் பகுதியில் ஒரு வீட்டு மொட்டை மாடி. ஏழு பெண்கள் அங்கே கூடினார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அப்பளம் இடுவது. கையில் முதல் இல்லை. 80 ரூபாய் கடன் வாங்கினார்கள். உளுந்து மாவு வாங்கி அப்பளம் இட்டார்கள். அதுதான் பிறகு லிஜ்ஜத் அப்பளம் ஆயிற்று. இன்று பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் அதில் உறுப்பினர்கள்.

அங்கே வேலை எப்படி நடக்கிறது? மாவு பிசைவது மையத்தில் நடக்கும். எல்லா அப்பளத்துக்கும் ஒரே ருசி வேண்டும் அல்லவா? பெண்கள் பிசைந்த மாவை எடை போட்டு வீட்டுக்கு வாங்கிப் போவார்கள். வீட்டில் இட்டு, காயவைத்து, மறுநாள் கொண்டுவருவார்கள். அப்பளத்தைச் சோதித்து எடை போடுவார்கள். இட்டதற்குக் கூலி உண்டு. லாபத்திலும் பங்கு உண்டு. ஏனென்றால் அங்கே வேலை செய்கிறவர்தான் உரிமையாளர்.

தொடங்கிய ஏழு பேரில் ஒருவர் ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட். 2021-ல் அவருக்கு அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

அப்பளம் எல்லா ஊரிலும் இடுகிறார்கள். இவர்கள் ஏன் முன்னேறினார்கள்? தனித்தனியாக விற்கவில்லை. தரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கணக்கை மறைக்கவில்லை.

கையெழுத்துப் பழகிய இரவு

இன்னொரு கதை அகமதாபாத்தில் நடந்தது. 1972-ல் எலா பட் என்னும் வழக்கறிஞர் சேவா என்ற சங்கத்தைத் தொடங்கினார். தலைச்சுமை தூக்குபவர், காய்கறி விற்பவர், வீட்டில் துணி தைப்பவர், பீடி சுற்றுபவர் எல்லாரும் அதில் சேர்ந்தார்கள். சங்கத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள். "உங்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம்?" என்று கேட்டார்கள். சங்கம் என்பது தொழிலாளர்கள் ஒன்றுசேர்வதற்கு என்று எலா பட் வாதாடினார். சங்கம் பதிவாயிற்று.

அந்தப் பெண்களுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின. வட்டிக்காரர்களிடம் போனால் வட்டி கழுத்தை நெரித்தது. "நாமே ஒரு வங்கி தொடங்குவோம்" என்றார்கள் பெண்கள். 1974-ல் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டார்கள்.

அதிலும் ஒரு தடை வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்ற கேள்வி எழுந்தது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டிய பெண்கள் இரவெல்லாம் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். கையெழுத்துப் போட்டார்கள். வங்கி பிறந்தது. எலா பட் 2022-ல் காலமானார். அந்த வங்கி இன்றும் நடக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டில் வேலை செய்கிறவரும் தொழிலாளிதான். 1966-ல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் பீடி சுற்றுபவரையும் தொழிலாளி என்று ஏற்றது. அந்தச் சட்டம் செல்லும் என்று 1974-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1996-ல் ஜெனீவாவில் நடந்த உலகத் தொழிலாளர் மாநாடு, வீட்டில் வேலை செய்வோருக்கென்று தனியாக ஓர் ஒப்பந்தம் கண்டது.

குறைந்தபட்சக் கூலியை அரசு நிர்ணயிக்கிறது. எண்ணிக்கைக் கூலிக்கும் இப்படி நிர்ணயிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. உங்கள் தொழிலுக்கு எவ்வளவு என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள். கேட்டதை நோட்டில் எழுதுங்கள். பிறகு உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

2021 ஆகஸ்டில் மத்திய அரசு இ-ஷ்ரம் என்னும் பதிவைத் தொடங்கியது. அமைப்புசாராத் தொழில்களில் இருப்பவர்களுக்கு இது. ஆதார், வங்கிக் கணக்கு விவரம், கைபேசி எண் கொண்டு பதியலாம். 12 இலக்க எண் ஒன்று தருவார்கள். பதிந்த உடனே பணம் வராது. ஆனால் நீங்கள் ஒரு தொழிலாளி என்று அரசின் ஏட்டில் பெயர் ஏறும்.

முன்பணம் கேட்டால்

"வீட்டில் இருந்தே மாதம் முப்பதாயிரம் சம்பாதிக்கலாம்." இப்படிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். இப்போது கைபேசியிலும் செய்தி வருகிறது. பென்சில் பேக்கிங் என்பார்கள். ஊதுபத்தி மெஷின் என்பார்கள். "முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்பார்கள். கட்டிய பிறகு ஆள் இருக்க மாட்டார். மெஷின் வாங்கினால் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்பார்கள். மெஷின் வீட்டில் துருப்பிடிக்கும்.

வேலை கொடுப்பவர் நமக்குக் கூலி தர வேண்டும். நம்மிடம் பணம் கேட்டால் நின்று யோசியுங்கள். கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்ல வேண்டாம். கைபேசி வழியாகப் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். சைபர் மோசடிப் புகாருக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுக்க வாய்ப்பு உண்டு.

செய்து பாருங்கள்

1. உங்கள் தெருவில் வீட்டில் இருந்து வேலை செய்பவர்கள் யார் யார்? பெயரையும் தொழிலையும் எழுதுங்கள்.
2. ஒரே வேலைக்கு எல்லாருக்கும் ஒரே கூலி கிடைக்கிறதா? கேட்டு எழுதுங்கள்.
3. ஒரு வாரம் நோட்டு எழுதுங்கள். செலவைக் கழித்து, நேரத்தால் வகுத்து, ஒரு மணிக்கு என்ன நிற்கிறது என்று பாருங்கள்.
4. நூல், இலை, மாவு போன்றவற்றைப் பத்துப் பேர் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் எவ்வளவு மிச்சம்? கடையில் விலை கேட்டுக் கணக்குப் போடுங்கள்.
5. போட்ட கணக்கைக் கற்போர் வட்டத்தில் படித்துக் காட்டுங்கள். கூலி பேசப் போகும்போது சேர்ந்து போங்கள். நோட்டையும் கையில் எடுத்துப் போங்கள்.