அடிவரியில் எழுதாத இசை

பிரெஞ்சு பரோக் ஓபரா ஒன்றின் ஒலிப்பதிவோடு சேர்ந்து கீபோர்டு வாசித்துப் பார்த்த வாசகர் ஒருவர், சுருதி ஒரு கட்டை இறங்கியிருக்கிறதே, பதிவில் கோளாறா என்று கேட்டிருக்கிறார். கோளாறு இல்லை. இன்று ‘லா’ சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ். 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இசைக்கு 392 வைப்பது இந்தப் பழைய இசையை வாசிக்கும் குழுக்கள் பலவற்றின் வழக்கம்.

அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது, ஹார்ப்சிகார்ட் கலைஞர் வில்லியம் கிறிஸ்டி 1979இல் பிரான்சில் தொடங்கிய ‘லேஸார் ஃப்ளோரிசான்’. குடல் தந்தி வயலின், மரப் புல்லாங்குழல் எல்லாம் உண்டு. ஆனால் அதன் உயிர் ‘கன்டினுவோ’ என்ற சிறு அணியில் இருக்கிறது. இசையமைப்பாளர் இவர்களுக்குத் தருவது கீழ்ச்சுர வரி (அடிவரி) ஒன்றும், அதனருகே சில எண்களும்தான். 6 என்று இருந்தால், அந்தச் சுரத்தின் மேல் மூன்றாவதையும் ஆறாவதையும் சேர்க்க வேண்டும். எந்த ஸ்தாயியில், எத்தனை விரலால், அள்ளித் தெளித்தா, ஒரே அடியாகவா? அது வாசிப்பவர் பாடு. மிக நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியமான தியோர்போவும் ஹார்ப்சிகார்டும் பாடுபவரின் மூச்சைப் பார்த்து அங்கேயே முடிவெடுக்கின்றன. எங்கள் ஊர் பஜனையில் ஆர்மோனியம் வாசித்த பெரியவரும் இப்படித்தான். அவர் நோட்டில் பாட்டின் முதலடி மட்டுமே இருக்கும், பாடுபவர் இழுத்தால் பெட்டியும் இழுக்கும்.

எண்களைப் பார்த்து அங்கேயே வாசிக்கும் இந்தப் பழக்கம் அறுந்ததும் ஏடுகள் ஊமையாகிவிட்டன. இசையமைப்பாளர் லுல்லியின் ‘அத்தீஸ்’ 1676இல் பதினான்காம் லூயி மன்னர் முன் அரங்கேறி, அவர் மிக விரும்பிய ஓபரா. அது 18ஆம் நூற்றாண்டோடு மேடையை விட்டு மறைந்தது. கிறிஸ்டியின் குழு 1987இல் பாரிஸில் நிகழ்த்தியபோதுதான் பரவலாக உயிர்த்தது. அதே ஆண்டு ஒலிப்பதிவும் ஆயிற்று. ஏடு நூலகத்தில் பத்திரமாக இருந்தால் கலை பிழைத்துவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். கை பழகாவிட்டால் பிழைக்காது. 2002 முதல் இளம் பாடகர்களுக்கென்றே ஒரு பயிற்சிக்கூடத்தை இக்குழு நடத்துவது அதனால்தான்.

தூக்கம் வருவதற்காக இந்த இசையைத் தணிவாக ஓடவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தணிவாக வைத்தால் முதலில் காணாமல் போவது தியோர்போதான். ஹெட்போனில் கேளுங்கள். ‘அத்தீஸை’ இன்னொரு ஹார்ப்சிகார்ட் கலைஞரான கிறிஸ்தோஃப் ரூசே தம் குழுவோடும் பதிவு செய்திருக்கிறார். ஒரே காட்சியை இரண்டிலும் போட்டு, பாட்டை விட்டுவிட்டு அடிவரியை மட்டும் பின்தொடருங்கள்: எண்கள் ஒன்றே, விரல்கள் போகும் வழி வேறு.