மீதமில்லாக் கணக்கு

பூஜையைத் தொடங்கும் முன் சங்கல்பம் செய்துகொள்கிறோம். வைவஸ்வத மன்வந்தரத்தில், இருபத்தெட்டாவது மகாயுகத்தில், கலியுகத்தின் முதற் பாதத்தில் நிற்கிறோம் என்று இறைவன் திருமுன் அறிவிக்கிறோம். நாம் நிற்கும் அந்த மகாயுகம் எவ்வளவு பெரியது?

கிருதயுகம் 17,28,000 ஆண்டுகள், திரேதாயுகம் 12,96,000, துவாபரயுகம் 8,64,000, கலியுகம் 4,32,000. தருமம் நான்கு கால்களில் நின்று, பின் மூன்று, இரண்டு, ஒன்று எனக் குறைவதாகச் சொல்வர். யுகங்களின் அளவும் அந்த விகிதத்திலேயே குறைகிறது. நான்கும் சேர்ந்து 43,20,000 ஆண்டுகள். ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்களில் ஏழைத் தவிர மற்றவை யாவும் இதனை மீதியின்றி வகுக்கும்.

இத்தனை பெரிய எண் எதற்கு? சூரியன் ராசி மண்டலத்தை ஒருமுறை சுற்றிவர 365 நாட்களும், கால் நாளுக்குச் சற்று அதிகமும் ஆகின்றன. அந்தப் பின்னத்தை விட்டுவிட்டால் நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ 26 நாட்கள் பிசகிவிடும்; தை முதல் நாளன்று சூரியன் மகர ராசியில் இராது. ஆகவே சூரிய சித்தாந்தம், ஆண்டுக்கு இத்தனை நாள் என்னாமல், மகாயுகத்துக்கு 157,79,17,828 நாட்கள் என்று முழு எண்ணாக வகுத்தது. அக்காலத்தில் சந்திரன் சுற்றும் சுற்றுகள் 5,77,53,336. அவற்றில் சூரியனின் 43,20,000 சுற்றுகளைக் கழித்தால் 5,34,33,336 சாந்திர மாதங்கள் கிடைக்கும். ஆண்டுக்குப் பன்னிரண்டு வீதம் நீக்கினால் எஞ்சுபவை 15,93,336 அதிக மாதங்கள்.

இந்த நாட்கணக்கை ஒவ்வொரு யுகத்துக்கும் பிரித்துப் பார்த்தால் ஓர் அழகு புலப்படும். எந்த யுகமும் தனித்து முழு நாளில் முடிவதில்லை. நாளை ஐந்து பங்காக்கினால், கிருதயுகத்தில் ஒரு பங்கும், திரேதாயுகத்தில் இரண்டும், துவாபரயுகத்தில் மூன்றும், கலியுகத்தில் நான்கும் மிஞ்சும். நான்கு மிச்சங்களையும் கூட்டினால் பத்துப் பங்கு. அதாவது சரியாக இரண்டு முழு நாட்கள். மீதம் ஏதுமில்லை.

தருமம் ஓங்கிய கிருதயுகமும் தனியே நிறைவுறவில்லை. ஒற்றைக் காலில் தருமம் நிற்கும் கலியையும் சேர்த்தால்தான் கணக்கு முடிகிறது. கெட்ட காலத்தில் பிறந்துவிட்டோமே என்று மனம் சோர வேண்டியதில்லை. இறைவனின் காலக் கணக்கில் கலியுகத்துக்கும் இடம் உண்டு. அதில் விளக்கேற்றி வழிபடும் நமக்கும் உண்டு. அடுத்த முறை சங்கல்பத்தில் கலியுகம் என்று சொல்லும்போது இதனை நினைவில் கொள்வோம்.