அடுப்புள்ள வாசிகசாலை

கண்டி வீதியிலிருந்து பருத்தித்துறைக்குப் பாதை பிரியும் கொடிகாமத்தின் சந்தையை அறியாத யாழ்ப்பாணத்தவர் இலர். தென்மராட்சியின் தேங்காயும் பலாப்பழமும் மாம்பழமும் அங்கே குவியும். பருவத்திலே ஒடியலும் புழுக்கொடியலும் பனங்கட்டியும் வந்து சேரும். அச்சந்தைக்கு அணித்தாயுள்ள சனசமூக நிலையம் ஒன்றுக்கு அண்மையில் ஒரு மாலைப்பொழுது பத்திரிகை பார்க்கச் சென்றிருந்தோம். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எம்மை அணுகி, "சேர், யப்பானிலே சனசமூக நிலையத்துக்குள்ளேயே சமையலறை இருக்குதாமே, மெய்யோ?" என்று வினவினான். கரம் விளையாடிக்கொண்டிருந்த இளைஞர்கள் கொல்லெனச் சிரித்தனர். நாமும் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வீட்டுக்குச் சென்று நூல்களைப் புரட்டிய பின்னர், சிரித்ததற்காகச் சற்றே வெட்கப்பட்டோம். மாணவன் கேட்டது முழுவதும் மெய்.

யப்பானிய ஊர்களில் 'கோமின்கான்' என்றொரு நிலையம் உண்டு. குடிமக்கள் மன்றம் என அதனைத் தமிழாக்கலாம். உலகப் போரிலே தோல்வியுற்று, நகரங்கள் சாம்பராகி, மக்கள் அரிசிக்கு அலைந்த காலத்தில், 1946ஆம் ஆண்டு யூலை மாதம், அந்நாட்டுக் கல்வி அமைச்சு ஊர்தோறும் இத்தகைய மன்றத்தை நிறுவுமாறு அறிவுறுத்தியது. தெரானாக்கா சாக்குஓ என்னும் அதிகாரியே இவ்வெண்ணத்துக்கு உருக்கொடுத்தவர். 1949ஆம் ஆண்டின் சமூகக் கல்விச் சட்டம் அதற்கு நிலையான அடித்தளம் இட்டது. 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாடெங்கும் 13,000க்கு மேற்பட்ட கோமின்கான்கள் இருந்தன. அவற்றை நடத்துவன பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றங்களே.

போரினால் ஊரிழந்தவர்கள் முதலில் ஒரு வாசிகசாலையைக் கட்டினார்கள் என்பது நமக்கு விளங்காத செய்தியன்று. 2000ஆம் ஆண்டுப் போரிலே இடம்பெயர்ந்த தென்மராட்சி மக்கள், மீண்டு வந்தபின் தத்தம் வீட்டுக் கூரையோடு சனசமூக நிலையத்தின் கூரையையும் பற்றிக் கவலைப்பட்டதை நாம் அறிவோம். வேறுபாடு யாதெனில், நமது நிலையத்தில் பத்திரிகை மேசையும் கரம் பலகையும் கரப்பந்தாட்ட வலையும் உள்ளன. பல இடங்களில் முன்பள்ளியும் நடைபெறுகின்றது. அவர்களுடைய மன்றத்திலோ இவை போன்றவற்றோடு, பாய் விரித்த ஓர் அறையும், பலர் ஒருங்கே நின்று சமைக்கத்தக்க அடுப்பும் தொட்டியும் பொருந்திய ஒரு சமையலறையும் பெரும்பாலும் இருக்கும்.

உரலும் கட்டையும்

பாய் அறையிலே தேநீர்ச் சடங்கு பயிலலாம். பூ அடுக்கும் கலையும் தூரிகை எழுத்தும் கற்கலாம். இவற்றைப் பற்றி நம் பத்திரிகைகள் பலகாலும் எழுதியுள்ளன. நம் உள்ளத்தைக் கவர்ந்தது சமையலறையே. கற்க வருவோர் தலையிற் கட்டும் துணியும் முன்னே அணியும் மேலாடையும் தாமே கொண்டுவருவர். நால்வர் ஐவராகக் கூடிச் சமைத்து, ஒன்றாய் அமர்ந்து உண்டு, பாத்திரம் கழுவி அடுக்கிவிட்டே செல்வர்.

ஆண்டு முடிவிலே மொச்சி இடித்தல் நடைபெறும். பசைத்தன்மை மிகுந்த அரிசியை ஆவியில் அவித்துப் பெரிய உரலிலே இட்டு, ஒருவர் நீண்ட பிடியுள்ள கட்டையால் ஓங்கி இடிப்பார். ஒவ்வோர் இடிக்கும் இடையிலே மற்றொருவர் கையை நனைத்து உரலுக்குள் விட்டு மாவைப் புரட்டுவார். தாளம் தப்பினால் விரல் தப்பாது! சிறுவர்கள் சுற்றி நின்று எண்ணிக் கூவுவார்கள். நம் வீடுகளிலே இருவர் எதிரெதிர் நின்று ஓருரலில் மாறி மாறி உலக்கை போட்டு அரிசிமா இடித்த காட்சியைக் கண்டவர்கள் இதனை எளிதில் மனத்திற் கொள்வர். இடிக்கும் ஆலைகள் வந்தபின் நமது உரல்கள் கோடிக்குள் மழைநீர் ஏந்திக் கிடக்கின்றன.

தை மாதம் 7ஆம் நாள் ஏழுவகை இலை சேர்ந்த கஞ்சி. அதாவது ஆங்கிலத் தை. நமது இலைக்கஞ்சிக்கு அது தங்கை முறை. 15ஆம் நாள் 'கொஷோகட்சு' எனப்படும் சிறு புத்தாண்டு. அன்று அசுக்கி எனும் சிவந்த பயற்றை அரிசியுடன் இட்டுக் கஞ்சி காய்ச்சுவர். அசுக்கியும் நமது பாசிப்பயறும் தாவரநூலார் வகுப்பின்படி ஒரே பேரினத்தவை. தைப்பொங்கலுக்கு வறுத்த பயற்றை அரிசியோடு இடும் யாழ்ப்பாணத்துக் குடும்பப் பெண்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வொற்றுமையைக் கண்டு வியந்தவருள் முதன்மையானவர், தோக்கியோ கக்குசுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008). யப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டு என நிறுவ முயன்ற அவருக்கு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அருணாசலம் சண்முகதாஸ் அவர்களும் அவர்தம் துணைவியார் மனோன்மணி சண்முகதாஸ் அவர்களும் ஆய்வுத் துணைவராய் விளங்கினர். யப்பானின் வடபுலக் கிராமங்களில் அந்நாளில் 'ஹொங்க, ஹொங்க' எனக் கூவும் வழக்கத்தை ஓனோ நமது 'பொங்கலோ பொங்கல்' ஒலியோடு ஒப்பிட்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறுவது ஆசிரியர் தொழிலிலுள்ள எமக்குக் கடமையாகின்றது. ஓனோவின் மொழிக்கொள்கையை மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை. நாளொற்றுமையும் அத்துணை வலுவான சான்றன்று. நமது பொங்கல் ஞாயிறு மகர இராசியிற் புகும் நாள். அவர்களது சிறு புத்தாண்டோ பழங்காலத்தில் முதல் மாதத்து முழுநிலா நாளாகும். 1873ஆம் ஆண்டு யப்பான் மேனாட்டு நாட்காட்டியை மேற்கொண்ட பின்னரே அது சனவரி 15இல் வந்து அமர்ந்தது. உறவு கொண்டாட விரும்பும் உள்ளம் இத்தகைய தடைகளை விரைவாகத் தாண்டிவிடும். நாம் தாண்டாதிருப்போமாக. உறவில்லாதவரிடமும் கற்கலாம் அல்லவா?

மாசியும் சுவையும்

யப்பானியச் சமையலுக்கு உயிர்நாடி 'தாஷி' எனும் சாறு. கொம்பு என்று அவர்கள் வழங்கும் ஒருவகைக் கடற்பாசியையும், கட்சுவோபுஷி என்னும் உலர்மீனின் சீவல்களையும் நீரிலிட்டு வடிப்பது அது. கட்சுவோபுஷி யாதென ஆராய்ந்தால் நமக்கு நகைப்பு வரும். சூரை மீனைக் கீறி, அவித்து, புகையிலிட்டு, மரக்கட்டை போல் இறுகும்வரை உலர்த்தியது. நமது சம்பலுக்கு இடிக்கும் மாலைதீவு மாசியே கிட்டத்தட்ட அது! யப்பானியர் உயர்ந்த வகைக்குப் பூஞ்சணம் பிடிக்கவிட்டு மேலும் பலமுறை வெயிலிற் காயவைப்பர். மாலைதீவார் அவ்வாறு செய்வதில்லை.

1908ஆம் ஆண்டு இக்கேதா கிக்குனாயே என்னும் இரசாயனப் பேராசிரியர் கொம்புச் சாற்றை ஆராய்ந்து, அதன் சுவைக்குக் காரணம் குளுத்தாமிக் அமிலம் எனக் கண்டு, அச்சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார். அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த அசினமோட்டோ அதன் விளைவே. 1913இல் அவருடைய மாணவர் கொதாமா, உலர்மீனின் சுவைக்கு இனோசினிக் அமிலம் காரணமெனக் காட்டினார். பிற்கால ஆய்வுகள் இவ்விரண்டும் சேர்ந்தால் சுவை பன்மடங்காகும் என்பதனை விளக்கின. வெள்ளிக்கிழமை மச்சம் சேராத எமது வீட்டிலே, சனிக்கிழமை மாசிச் சாறு வடித்துச் சொதிக்கு வார்த்துப் பார்த்தோம். நன்றாயிருந்தது. "இதென்ன, எங்கட சொதிதானே" என்பது வீட்டாரின் தீர்ப்பு.

கோதுமை ஏறிவந்த வண்டி

இதுவரை கூறியதைக் கொண்டு, யப்பானியர் தம் முன்னோர் உணவைக் கைநழுவவிடாது காத்தவர் என வாசகர் கருதக்கூடும். உண்மை அவ்வாறன்று. நாம் இக்கட்டுரை எழுதப் புகுந்ததும் அதனை முன்னிட்டே.

1948ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் பயனாகக் கிராமத்துப் பெண்களிடம் மனைவாழ்க்கைச் சீர்திருத்த ஊழியர் சென்றனர். பச்சைநிறச் சைக்கிளிலே வந்த அந்நங்கையர் புகை சூழ்ந்த அடுப்பை உயர்த்திக் கட்டவும், கூடிப்பேசிக் குறை தீர்க்கவும் பழக்கினர். அது நற்பணி. பின்னர் 1956ஆம் ஆண்டு வேறொன்று வந்தது: அடுப்பும் தொட்டியும் பொருத்திய பெரிய மோட்டார் வண்டி. ஊரூராகச் சென்று பொதுவெளியில் நிறுத்தி, சத்துணவு சமைத்துக் காட்டினார்கள். பணம் அமெரிக்கக் கோதுமை வணிகத்தாருடையது. காட்டும் பண்டங்களிலே கோதுமை சேர்ந்தது இடம்பெற வேண்டும் என்பது உடன்பாடு. பாடசாலை மதிய உணவிலும் பாணே நிலவியது. சோறு முறைப்படி மீண்டது 1976இலேதான். 1962ஆம் ஆண்டு ஓர் யப்பானியர் சராசரியாக உண்ட அரிசி சுமார் 118 கிலோ. 2020 அளவில் அது சுமார் 51 கிலோ. வண்டி ஒன்றே காரணமன்று. செல்வமும் இறைச்சியும் நகர வாழ்வும் சேர்ந்து செய்த மாற்றம் அது. எனினும் ஒரு தலைமுறைக்குள் பேத்திக்குச் சாறு வடிக்கத் தெரியாது போயிற்று.

2005ஆம் ஆண்டு உணவுக் கல்விக்கென்றே தனிச்சட்டம் இயற்றினார்கள். 2013ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் யப்பானிய மரபுணவைப் பேணத்தக்க பண்பாட்டுச் செல்வங்களின் வரிசையிற் சேர்த்தது. தாய் மகளுக்கு அடுக்களையிலே காட்டியதை இப்பொழுது கோமின்கானிலே ஊர்ப் பாட்டிமார் பிறர் பிள்ளைகளுக்குக் காட்டுகின்றனர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆடவருக்கெனச் சமையல் வகுப்பும் பல ஊர்களில் உண்டு. அறுபத்தைந்து வயதிலே முதன்முறையாக அரிசி கழுவப் பழகுகின்றவர்கள்! இதனை வாசிக்கும் இல்லத்தரசியர் பத்திரிகையைக் கணவரிடம் நீட்டினால் நாம் பொறுப்பாளிகள் அல்லோம்.

நமது நிலை என்ன? காலையிலே பாண் வாங்காத வீடு கொடிகாமத்திலும் அருமை. நமது சிறுபராயத்தில், 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், சீனி கிடையாதபோது பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் பருகினோம். ஒடியற்பிட்டு உண்டோம். அன்று அது இல்லாமையின் உணவு. தடை நீங்கியதும் இல்லாமையோடு சேர்த்து அவ்வுணவையும் பலர் மறக்க விரும்பினர். அதற்காக எவரையும் குறைகூற எமக்கு மனமில்லை.

ஆயினும் எமது வகுப்பிலே ஒருநாள் கேட்டுப் பார்த்தோம். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை மனனமாய்ச் சொல்ல ஏறக்குறைய எல்லோரும் கையுயர்த்தினர். ஆடிக்கூழ் காய்ச்சும் முறையைச் சொல்லக்கூடியவர் மூவரே; அம்மூவரும் அம்மம்மாவோடு வளர்ந்தவர்கள். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, மேல்நீரை வடித்து, மீண்டும் நீர்விட்டுக் கைப்பு நீக்க வேண்டும் என்பதனை எவரும் அறிந்திலர். எத்தனை முறை வடிப்பது, எப்போது போதும் என்பதெல்லாம் ஏட்டில் எழுதி வைக்கக்கூடியவை அல்ல. விரலும் நாவும் அறிந்தவை. அவ்விரல்களுக்கு உரியவர்கள் இப்பொழுது எண்பதைக் கடந்துவிட்டனர். அவர்தம் பேரப்பிள்ளைகளிற் பலர் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கின்றனர்.

சென்ற வாரம் மீண்டும் அச்சனசமூக நிலையத்துக்குப் போயிருந்தோம். கேள்வி கேட்ட மாணவன் எமக்கு முன்னரே செயலில் இறங்கிவிட்டான். கட்டிடத்தின் பின்னே பழைய கதிரைகள் கிடக்கும் கொட்டிலைத் துப்புரவாக்கி, மூன்று கல் வைத்து, வருகின்ற ஆடிப்பிறப்பன்று அங்கே கூழ் காய்ச்சலாம் என்று நிர்வாகத்தாரிடம் கேட்டிருக்கின்றான். தீப்பற்றினால் யார் பொறுப்பு என்பதில் நிர்வாகக் கூட்டம் ஒரு மணித்தியாலம் நீடித்ததாம். ஈற்றில், வாளியில் நீர் வைத்துக்கொள்வது என்ற நிபந்தனையோடு இசைந்தனர்.

கற்பிப்பதற்கு ஆள் தேடி, சந்தைக்குப் பின்புறத்து ஒழுங்கையிலே வசிக்கும் மூதாட்டி ஒருவரிடம் அவனுடன் நாமும் சென்றோம். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "நான் வாறன் தம்பி. ஆனால் தேங்காய் திருவுறது கரம் விளையாடுற அந்தப் பெடியள்தான். இப்பவே சொல்லிப் போடு" என்றார்.